மேட்டுத் தெரு வால்வு

அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்னமும் தோன்றுகிறது. "சார், இதெல்லாம் இனிமே நீங்க பாக்க வேண்டியதில்லை. நாங்க பாத்துக்கறோம்." மரியாதையாகத்தான் சொன்னேன். குறைந்தது, அப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

2019 ஜூன் கடைசி. எங்கள் ஊர் குடிநீர் வேலைகளைப் பார்க்கும் பணி ஆய்வாளர் நான். அவர் எம்.பி.யாகப் பதவியேற்று பத்து நாள்கூட ஆகியிருக்காது. டெல்லியிலிருந்து போன். "தம்பி, மேட்டுத் தெருவுல பதினோரு நாளா தண்ணி வரலையாமே? பிள்ளையார் கோயில் முக்குல ஒரு வால்வு இருக்கு. ரோடு போட்டப்ப மூடிட்டாங்க. அதைத் தோண்டிப் பாரு." அதற்குத்தான் அந்தப் பதில். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரி தம்பி" என்று வைத்துவிட்டார்.

அதுவரை நான் அவரை "சார்" என்று கூப்பிட்டதே கிடையாது. 2011லிருந்து ஐந்து வருஷம் கவுன்சிலராக இருந்தபோது "அண்ணே"தான். தண்ணீர் விடும் நாளில் விடிகாலை நாலரைக்கே லுங்கியோடு வந்து நிற்பார். ஃபிட்டர் இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருப்பும்போது சுற்றுகளை வாய்விட்டு எண்ணுவார். பள்ளத் தெரு வால்வை ஆறு சுற்று மூடினால்தான் மேட்டுத் தெருவின் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறும். ஏழு சுற்று மூடினால் பள்ளத்துக்காரர்கள் காலிக் குடத்தோடு ஆபீஸ் வாசலுக்கு வந்துவிடுவார்கள். இந்தக் கணக்கு எங்கள் வரைபடத்தில் இல்லை. அவர் தலையில் இருந்தது.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுபோன வருஷம் அது. எங்கள் ஊரிலும் வார்டு வார்டாகக் கூப்பாடு. ஒரு எம்.பி. நேரடியாகப் பணி ஆய்வாளரைக் கூப்பிடுகிறார் என்று தெரிந்தால் மேலிடத்தில் என்ன கேள்வி வரும் என்று எனக்குத்தான் தெரியும். தவிர, ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குச் சேர்த்து ஒருவர். அவர் வால்வுச் சுற்று எண்ணிக்கொண்டிருந்தால் நாடாளுமன்றத்தில் எங்கள் ஊருக்காக யார் பேசுவது? பெரிய காரியங்களைப் பார்க்கட்டும் என்று மனதார நினைத்தேன். இதில் பொய் இல்லை.

ஆனால் "நாங்க" என்றேனே, அது யார்? 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம். அந்தத் தெருவுக்கு உரிமையோடு கூப்பிட ஓர் ஆள் கிடையாது. அதனால்தான் அவர்கள் டெல்லிக்குப் போன் போட்டார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டேதான் அப்படிச் சொன்னேன்.

நான்கு நாள் கழித்துத் தோண்டினோம். முதலில் வரைபடத்தில் குறித்திருந்த இடத்தில். வெறும் மண்தான். பிறகு கோயில் முக்கில் சிமெண்டை உடைத்தோம். ஒன்றரை அடியில் இருந்தது. துரு ஏறி, பாதி மூடிய நிலையில் இறுகிப்போயிருந்தது. ஃபிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, அசைத்து அசைத்துத் திறந்தார். அன்று சாயங்காலம் மேட்டுத் தெருவில் தண்ணீர் வந்தது. அவருக்கு நான் போன் பண்ணவில்லை. வேலை நெருக்கடி என்று சொல்லிக்கொண்டேன். உங்கள் வேலை இல்லை என்று சொன்ன அதே வாயால் நீங்கள் சொன்னதுதான் சரி என்று எப்படிச் சொல்வது? அவரும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

ராஜாஜி 1917இல் சேலம் நகராட்சித் தலைவர். 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். நேரு 1923லிருந்து இரண்டு வருஷம் அலகாபாத் நகராட்சிக்கும், படேல் 1924 முதல் 1928 வரை அகமதாபாத் நகராட்சிக்கும் தலைவர்கள். வாழ்க்கைக் குறிப்புகளில் இது பெரும்பாலும் ஒற்றை வரி. முன்பெல்லாம் ஏணியில் ஒரு படியைப் போல அதைக் கடந்துபோவேன். இப்போது அந்த வரி வந்தால் நின்றுவிடுகிறேன். அவர்கள் போன பிறகு அந்தத் தெருக்கள் யாரைக் கூப்பிட்டன? அவர்களுக்கும் யாராவது "நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லியிருப்பார்களா? எப்படியும் போகத்தானே வேண்டும், போகாமல் இருந்திருந்தால் நாட்டுக்குத்தான் நஷ்டம் என்றும் தோன்றுகிறது. இரண்டில் எதில் நிற்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

2022இல் வந்த புதுக் கவுன்சிலரம்மா முதல் வாரமே கேட்டார்: "பள்ளத் தெரு வால்வை எத்தனை சுத்துண்ணே மூடணும்?" ஆறு என்றேன். யார் சொன்ன கணக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் தொகுதி நிதியில் கட்டிய தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவைக்க அவர் வந்தார். எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி. கொரோனாவில் அதையும் நிறுத்திவைத்திருந்தார்கள். மீண்டும் வந்ததும் அவர் முதலில் எழுதிக் கொடுத்த வேலைகளில் இந்தத் தொட்டியும் ஒன்று. கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் நின்றார். "நல்லா இருக்கீங்களா?" என்றார். முன்பெல்லாம் "சாப்டியா தம்பி"தான். ஊர் முன்னால் என்பதால் அப்படிக் கேட்டிருக்கலாம்.

"அண்ணே, வால்வு நீங்க சொன்ன இடத்துலயேதான் இருந்துச்சு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சால்வையோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். "நல்லா இருக்கேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.