விளக்கொளியில் வளரும் மிளகாய்ச் செடிகளில் இலைச்சுருட்டை: காரணம் தேடிய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் குரங்குகள் மிளகாயைத் தின்னாவிட்டாலும் செடியைப் பிடுங்கிப் போடாமல் திரும்புவதில்லை. அதனால் குலாய் மிளகாயையும் சில்லி பாடி என்னும் சிறு மிளகாயையும் பின்னறையில் எல்இடி விளக்கின் கீழ், தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகளில் வளர்த்து வருகிறேன். உரமாக, ஏ, பி என இரண்டு பகுதிகளாக வரும் வழக்கமான ஏ-பி கரைசலைக் கொடுக்கிறேன். செடிகள் மொட்டு வைத்த பருவத்தில் நுனிக் கொழுந்துகள் சுருளத் தொடங்கின.

இலை எந்தப் பக்கமாகச் சுருள்கிறது, செடியின் எந்தப் பகுதியில் சுருள்கிறது என்ற இரண்டையும் பார்த்தாலே பாதிக் காரணங்கள் கழிந்துவிடும். விளக்குக்கு மிக அருகிலுள்ள இலைகளின் ஓரங்கள் மட்டும் மேல்நோக்கி மடங்கினால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். மேல்நோக்கிச் சுருள்வதோடு வெள்ளித் தழும்புகளும் கரும்புள்ளி எச்சங்களும் இருந்தால் அது இலைப்பேன். இலை கரும்பச்சையாகி நுனி கீழே வளைந்தால் தழைச்சத்து மிகுந்துவிட்டது. என் செடிகளிலோ, அடியிலைகள் நன்றாகவே இருக்க, கொழுந்துகள் மட்டும் குறுகி, ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, கவிழ்த்த படகைப் போல் இருந்தன. திருப்பிப் பார்த்தபோது நரம்புகளுக்கு இடையே எண்ணெய் பூசியதுபோன்ற பழுப்பு மினுமினுப்புத் தெரிந்தது. மொட்டுகளும் உதிர்ந்தன. பக்கத்து வீட்டு அக்கா, “கண்ணு பட்டிருக்கு தம்பி, சுத்திப் போடுங்க” என்றார். சுற்றிப் போடவும் மிளகாய்தானே வேண்டும்!

சுண்ணாம்புச் சத்துக் குறைவும் கொழுந்தைத்தான் முதலில் கோணலாக்கும், நார்த்தூளோ அந்தச் சத்தைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால், அந்த ஐயத்தைத் தீர்க்காமல் மருந்தடிக்க எனக்கு மனமில்லை. பையிலிருந்து வடியும் நீரின் பிஎச் (அமில-காரத் தன்மை) அளவு, மிளகாய்க்கு ஏற்றபடி 6-ஐ ஒட்டியே இருந்தது. தவிர, சத்துக் குறைவு அந்தப் பழுப்பு மினுமினுப்பைத் தராது. 60 மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியில் கொழுந்தின் அடிப்பக்கத்தைப் பார்த்ததும் விடை கிடைத்தது. ஒளி ஊடுருவும் நீள்வட்ட முட்டைகள், அவற்றின் மேல் வரிசை வரிசையாக வெண்புள்ளிகள், நடுவே மெல்ல நகரும் வெளிர்மஞ்சள் உருவங்கள்: மஞ்சள் முரணைச் சிலந்தி (broad mite). சுமார் 0.2 மில்லிமீட்டர் மட்டுமே இருக்கும் இதை வெறுங்கண்ணால் காண்பது அரிது.

உரக்கடையில், எல்லாவற்றுக்கும் இதுதான் என்று இமிடாகுளோபிரிட் புட்டியை எடுத்து நீட்டினார்கள். அது சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கான மருந்து. எட்டுக் கால் கொண்ட சிலந்தியினத்தை அது கட்டுப்படுத்தாது. அதனால் சிலந்தியினத்தைக் கட்டுப்படுத்தும் நனையும் கந்தகத் தூளைக் கேட்டு வாங்கினேன்.

மிகவும் கெட்டுப்போன நுனிகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, செடிகளை மாலை வெயில் தணிந்தபின் வாசலுக்குக் கொண்டுவந்து, லிட்டருக்கு 2 கிராம் கந்தகம் கரைத்து, இலைகளின் அடிப்பக்கம் நனையுமாறு தெளித்தேன். வெப்பம் 32 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும்போது கந்தகம் இலையைக் கருக்கும். வேப்பெண்ணெய் தெளித்த செடிக்கு இரண்டு வாரம் கழியாமல் அதைக் கொடுக்கவும் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து முதிர்ந்த சிலந்தியாக ஒரு வாரம்கூட ஆகாது என்பதால், ஐந்தாறு நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் தெளிக்க வேண்டியிருந்தது. சிறிய சில்லி பாடிச் செடி ஒன்றை மட்டும், 43 முதல் 49 பாகை வரையிலான நீரில் 15 நிமிடம் தலைகீழாக அமிழ்த்திப் பார்த்தேன். வெப்பமானியை விட்டுக் கண்ணெடுக்க முடியாத வேலை அது. ஆனால் செடிக்கு எந்தக் கேடும் வரவில்லை. இந்தச் சிலந்தி வெள்ளை ஈயின் கால்களைப் பற்றிக்கொண்டு ஊர் மாறும் என்பதால் அறையில் மஞ்சள் ஒட்டுப்பொறிகளையும் தொங்கவிட்டேன்.

சுருண்ட இலை மருந்துக்குப் பின் நிமிர்வதில்லை. சிலந்தியின் உமிழ்நீர் கொழுந்தில் ஏற்கெனவே வேலையைக் காட்டிவிடுவதால், சிலந்தி செத்த பிறகும் சில வாரங்களுக்குக் கோணல் இலைகளே வந்துகொண்டிருக்கும். அதைக் கண்டு மருந்தைக் கூட்டாமல், கைக்கண்ணாடியில் உயிருள்ள சிலந்தி தென்படுகிறதா என்று மட்டும் பார்த்தேன். பிறகு பக்கக் கிளைகளில் விரிந்த தளிர்கள் அகலமாகவும் தட்டையாகவும் வந்தன. ஒரு குலாய்ச் செடியில் மட்டும் நரம்பு தடித்து, இலை மஞ்சள் திட்டுகளோடு சுருண்டே நின்றது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் என்று கருதி அதை வேரோடு எடுத்துவிட்டேன். மற்றவற்றில் பூ நிற்கிறது. முன்பே பிடித்திருந்த சில காய்களின் தோல் சொரசொரப்பாக இருந்தாலும் சம்பலுக்கு அரைக்கத் தடையில்லை.