மனக்கணக்கு மட்டும் போதாது

பார்வையில்லாத பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால் வகுப்பு டீச்சர் பெருமையோடு சொல்வது பெரும்பாலும் இதுதான்: "மனக்கணக்குல இவன் புலி மிஸ்." மனசாரத்தான் சொல்கிறார்கள். எனக்கோ பகீரென்று இருக்கும். எழுதிப் போடும் கணக்கு அந்தப் பிள்ளைக்கு நின்றுபோய்விட்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம்.

குடியாத்தம் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்வரும் சிறப்பாசிரியர் நான். பிள்ளையை விடுதிக்கு அனுப்ப மனமில்லாமல் ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்த வீடுகள் இங்கே உண்டு. அது நல்ல முடிவு. ஆனால் நான் வராத நாட்களில் அந்தப் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் என்பது காதில் விழுவது மட்டும்தான். "இதையும் இதையும் கூட்டினா இது வரும், பாருங்க" என்று கரும்பலகையில் போட்டுக்கொண்டே போனால் அவனுக்கு எதுதான் கிடைக்கும்? எழுதுவதை வாய்விட்டுச் சொன்னாலே பாதி தீர்ந்துவிடும்.

ஏழும் எட்டும் பதினைந்து என்று வாயால் சொல்லலாம். 347-ஐ 26-ஆல் பெருக்குவதை யார் தலைக்குள் வைத்திருப்பது? பார்வையுள்ள பிள்ளைக்கே நோட்டு வேண்டும். இரண்டாம் வகுப்பில் புலியாக இருந்தவன் நான்காம் வகுப்பில் திணறும்போது, கண் தெரியாததால் கணக்கு வரவில்லை என்கிறார்கள். கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போட்டுப் பார்க்க அவனுக்கு ஒரு நோட்டு கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

அவனுடைய நோட்டு டெய்லர் ஃபிரேம். எட்டு மூலையுள்ள நட்சத்திரக் குழிகள் வரிசையாக இருக்கும் பலகை. டைப் என்கிற சின்ன உலோகக் கட்டையைக் குழியில் செருக வேண்டும். ஒரு முனையில் மேடான கோடு, மறுமுனையில் இரண்டு புள்ளிகள். ஒவ்வொரு முனையையும் எட்டுத் திசையில் திருப்பலாம் என்பதால் மொத்தம் 16 குறிகள். பத்து எண்களும் அடங்கி, கூட்டல், கழித்தல் குறிகளுக்கும் இடம் இருக்கும்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 47-ஐ வைத்துவிட்டு அதன் கீழே 38-ஐ வைத்தான். இடது ஆள்காட்டி விரல் 8-ஐ விட்டு நகரவில்லை. வலது கை தட்டில் டைப்பைத் துழாவியது. கீழே 5 விழுந்தது. மிச்சம் 1-ஐ, 4-க்கு மேல் குழியில் செருகினான். விரல் மேலிருந்து இறங்கியது: ஒண்ணு, நாலு, மூணு. "எட்டு மிஸ்." அதோடு விடவில்லை. மறுபடி தடவிப் பார்த்து, "எட்டு பத்து இடத்துல கீது, அஞ்சு ஒண்ணு இடத்துல கீது" என்றான். 85 என்று வாயால் அவன் எப்போதோ சொல்லியிருப்பான். இடமதிப்பு விரலுக்கு அகப்பட்டது அன்றைக்குத்தான்.

அதற்கு முன்பு தீக்குச்சிக் கட்டுகளோடு ரொம்ப நாள் உட்கார்ந்தோம். இது தீப்பெட்டித் தொழில் நடக்கிற ஊர், மருந்து தோய்க்காத குச்சி சுலபமாகக் கிடைக்கும். பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுத்தால் போதும். பக்கத்துப் பிள்ளைகளும் அதையேதான் எண்ணினார்கள்.

அபாகஸும் நல்லதுதான். பார்வையற்றோருக்காக டிம் கிரான்மர் 1962-இல் வடிவமைத்ததில், மணிகள் தானாக நகராதபடி பின்னால் மெத்தென்ற துணி இருக்கும். கடையில் விற்கிற சாதாரண அபாகஸில் விரல் பட்டாலே மணி ஓடிவிடும். அதை வாங்கிக் கொடுத்துவிட்டு வரவில்லையே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம்.

டைப் சிமெண்ட் தரையில் சிதறினால் பாடம் நின்றுவிடும். மேசைமேல் ஒரு துண்டை விரித்துவிட்டு ஆரம்பியுங்கள். கருவிகளுக்குப் பெற்றோரைச் செலவு செய்யச் சொல்லாதீர்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு 18 வயது வரை புத்தகமும் உதவிக் கருவியும் இலவசமாகத் தர வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. கேட்டு வாங்குங்கள்.

அடுத்து அவனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல். டைப் இன்னும் கொஞ்சம் தேவைப்படும், எழுதிக் கொடுத்திருக்கிறேன்.