ஏர்பிரஷ் பழகும் கோடை

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் வாங்கித் தருவதாக அப்பா வாக்களித்திருந்த, காற்றால் வண்ணத்தைத் தெளிக்கும் பேனா போன்ற ஏர்பிரஷும், அதற்குக் காற்றை அமுக்கித் தரும் சிறிய கம்ப்ரசரும் நேற்று மாலை வீடு வந்து சேர்ந்தன. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே துணிமணிப் பெட்டிகள் இருந்த இடத்தை ஆயா ஒழித்துக் கொடுத்திருக்கிறார். ஜன்னலை ஒட்டி ஒரு மேசையும், புகையை வெளியே தள்ள ஒரு பழைய எக்ஸாஸ்ட் விசிறியும் வைத்துவிட்டோம்.

இதுவரை இரண்டு விமான மாதிரிகளைக் கட்டி, இரண்டுக்கும் தூரிகையால்தான் வண்ணம் தீட்டினேன். இரண்டிலும் தூரிகை போன தடம் வெளிச்சத்தில் வரிவரியாகத் தெரிகிறது. 1/72 அளவு, அதாவது நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, என்பது இங்கேதான் கடுமையாகக் கணக்குக் கேட்கிறது. மாதிரியின் மேல் வண்ணம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடித்துவிட்டால், நிஜ விமானத்தின் மேல் 7.2 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசியதற்கு அது சமம். தகட்டு இணைப்புக் கோடுகளெல்லாம் அதில் மூழ்கிப்போகின்றன. ஏர்பிரஷ் வேண்டும் என்று ஒரு வருடமாக நான் கேட்டதற்கு இதுதான் காரணம்.

அடுத்து கட்டப்போவது ஹாக்கர் ஹரிகேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானம். இரண்டாம் உலகப் போரில், 1944இல் ஜப்பானியரை எதிர்த்த இம்பால் போர்முனையில் இந்திய விமானப்படையின் 1ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) ஓட்டிய, நான்கு 20 மி.மீ. பீரங்கிகள் கொண்ட 2சி வகை. அந்த ஸ்குவாட்ரனுக்குத் தலைமை ஏற்றிருந்த அர்ஜன் சிங்தான் 1965 போரின்போது விமானப்படைத் தளபதியாக இருந்தவர். நிஜ விமானத்தின் இறக்கை விரிவு 12.19 மீட்டர், என் மேசையில் அது 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

கருவியைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வண்ணக் கிண்ணம், நடுவில் ஒற்றை விரலுக்கான விசை, உள்ளே முழு நீளத்துக்கும் ஓடும் ஊசி, முனையில் 0.3 மி.மீ. துளையுள்ள நாசில். விசையைக் கீழே அழுத்தினால் காற்று வருகிறது. அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கி, நாசிலின் வாய் திறந்து, வேகமாகச் செல்லும் காற்று வண்ணத்தைத் தன்னோடு இழுத்துத் துகளாக்கிக்கொண்டு போகிறது. எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு வண்ணம்.

2025 ஏப்ரல் 9, புதன்

மூன்று நாள்களாகக் கிண்ணத்தில் வெறும் தண்ணீர்தான். செய்தித்தாளில் ஈரம் படர்வதைப் பார்த்து விரலைப் பழக்குகிறேன். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே விரலின் இரண்டு வேலைகள் என்பதால், சிறிது இழுக்க நினைக்கும்போது விரல் முழுதாக இழுத்துவிடுகிறது.

2025 ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள் சாப்பாட்டுக்கு மாமா வந்திருந்தார். சேலம் சாலையில் ஒரு பட்டறையில் இருபது ஆண்டுகளாக லாரிகளுக்கு வண்ணம் அடிப்பவர் அவர். பல தேசிய நெடுஞ்சாலைகள் கூடும் ஊர் என்பதால் அவருக்கு வேலை ஓய்ந்ததே கிடையாது. அவருடைய ஸ்ப்ரே கன்னின் துளை 1.4 மி.மீ. என்று சொல்லி, என்னுடையதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் திருப்பிப் பார்த்தார்.

பேனா மையில் தண்ணீர் கலந்து கிண்ணத்தில் ஊற்றி, கணக்குக்காக வாங்கி மீதமிருந்த கிராஃப் நோட்டில் நான் இழுத்திருந்த கோடுகளை அவரிடம் காட்டினேன். ஒவ்வொரு கோட்டின் இரு முனையிலும் ஒரு குண்டுப் பொட்டு இருந்தது. அவர் பார்த்த உடனேயே காரணத்தைச் சொல்லிவிட்டார்: "கை நின்னுக்கிட்டு இருக்கும்போது பெயின்ட் வருது பாப்பா. கை முதல்ல நகரணும், அப்புறம்தான் பெயின்ட் வரணும். நிறுத்தும்போது பெயின்ட் முதல்ல நிக்கணும், கை அப்புறம்."

லாரியின் கதவுக்கு அடிக்கும்போது அவர் கதவுக்கு வெளியே காற்றில் தொடங்கி, மறுபக்கம் கதவைத் தாண்டிய பிறகுதான் விரலை விடுவாராம். அடுத்த வீச்சு முந்தைய வீச்சின் பாதியின் மேல் விழ வேண்டுமாம். இவற்றில் எதையும் அவர் எங்கும் படித்ததில்லை. நான் தேடிப் படித்த குறிப்புகளிலும் இதேதான் இருக்கிறது. பொறுமையாக என் பக்கத்தில் உட்கார்ந்து, பத்துக் கோடுகள் ஒழுங்காக வரும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.

என் கருவிக்கென்று இன்னொரு படியும் உண்டு. முதலில் காற்று, பிறகு கையசைவு, பிறகு வண்ணம். நிறுத்தும்போது முதலில் வண்ணம், கடைசியாகக் காற்று. ஊசி திறந்திருக்கும்போதே காற்றை விட்டுவிட்டால் நாசிலின் வாயில் ஒரு துளி தங்கிவிடுகிறது. அடுத்த முறை அழுத்தியவுடன் அந்தத் துளி எச்சில்போலத் தெறிக்கிறது. இன்று மாலைக்குள் கிராஃப் நோட்டின் ஒரு சென்டிமீட்டர் கட்டங்களின் மூலைகளில் பொட்டு வைத்து, பிறகு பொட்டுகளைக் கோட்டால் இணைக்கும் பயிற்சியில் நான்கு பக்கங்கள் முடித்தேன். நான்காவது பக்கத்தில் ஏழு கோடுகள் முனையில் பொட்டில்லாமல் மெல்லத் தோன்றி மெல்ல மறைகின்றன. அந்தப் பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

2025 ஏப்ரல் 19, சனி

மை தானாகவே நீர்த்திருப்பது. வண்ணத்தை நாம்தான் நீர்க்கச் செய்ய வேண்டும். பாலின் பதம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிண்ணத்தின் பக்கவாட்டில் ஒரு சொட்டு விட்டு வழியவிட்டால், அது வழிந்த இடத்தில் டம்ளரில் பால் விட்டுச் செல்வதுபோல மெல்லிய படலம் நிற்க வேண்டும். படலமே நில்லாமல் ஓடினால் மிகவும் நீர்த்துவிட்டது. கெட்டியாகத் தங்கினால் இன்னும் தின்னர் வேண்டும். ஆல்கஹால் சார்ந்த அக்ரிலிக்குக்கு வண்ணம் ஒரு பங்கு, அதற்குரிய தின்னர் ஒரு பங்கு என்று தொடங்கினேன்.

இடையே ஒரு தவறும் செய்தேன். என்னிடம் இருந்த இன்னொரு குப்பி நீரில் கரையும் வினைல் வகை. அது தெரியாமல், சுத்தம் செய்வதற்காக மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை அதில் கலந்தேன். சில நொடிகளில் பால் திரிந்ததுபோலக் கட்டி கட்டியாகிவிட்டது. நல்லவேளையாக அது கலக்கும் மூடியில் நடந்தது. கிண்ணத்துக்குள் நடந்திருந்தால் நாசிலையே கழற்ற வேண்டியிருந்திருக்கும். அக்ரிலிக் என்ற ஒரே பெயரில் விற்றாலும் இரண்டும் வேறு வேறு சரக்கு என்பதை இப்போது குப்பிகளின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.

சரியான வண்ணத்துடன் பதினொரு மணிக்குப் பிளாஸ்டிக் கரண்டிகளின் மேல் அடிக்கத் தொடங்கினேன். கம்ப்ரசரில் அழுத்தம் 18 பிஎஸ்ஐ. முதல் கரண்டி நன்றாக வந்தது. இரண்டாவது கரண்டியில் பரப்பு சொரசொரப்பாக, மாவு தூவியதுபோல ஆனது. மூன்றாவதில் வண்ணமே வரவில்லை. ஊசி முனையில் வண்ணம் காய்ந்து ஒரு சிறு மொட்டாக நின்றிருந்தது. சொரசொரப்புக்கும் அடைப்புக்கும் காரணம் ஒன்றுதான். இந்த ஊர் சித்திரை வெயிலில் வண்ணத் துகள்கள் கரண்டியைத் தொடுவதற்கு முன்பே பாதி காய்ந்துவிடுகின்றன. முனையில் தங்குவது முழுதாகவே காய்ந்துவிடுகிறது. குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் நமக்குச் சரிவராது என்பது எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

2025 ஏப்ரல் 20, ஞாயிறு

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். தின்னரை ஒன்றரைப் பங்காக்கி, காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இரண்டு சொட்டுச் சேர்த்து, அழுத்தத்தை 15க்குக் குறைத்து, கரண்டியிலிருந்து எட்டு சென்டிமீட்டர் தூரத்தில் அடித்தேன். ஆறு கரண்டிகளும் ஈரப் பளபளப்புடன் படிந்து, ஒழுகாமல், சமமாகக் காய்ந்தன. இனிமேல் ஏழரை மணிக்கு மேல் வண்ணம் அடிப்பதில்லை.

2025 ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

வேலை முடிந்ததும் சுத்தம் செய்வதற்காக ஊசியைப் பின்பக்கமாக உருவி, துடைத்து, சமையலறைக் கிரானைட் மேடையின் ஓரத்தில் வைத்தேன். தம்பி கதவைத் திறந்த காற்றில் துணி அசைந்து, ஊசி உருண்டு, முனை கீழாகத் தரையில் விழுந்தது. சத்தமே இல்லை. பார்வைக்கு ஒன்றும் ஆகாததுபோலத்தான் இருந்தது. மறுபடி பூட்டி அடித்தபோது வண்ணம் நேராகப் போகாமல் இடப்பக்கம் சாய்ந்து, ஒரு ஓரம் அடர்ந்தும் மறு ஓரம் புள்ளி புள்ளியாகவும் விழுந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் முனையின் கடைசி அரை மில்லிமீட்டர் மீன்முள்போல வளைந்திருந்தது.

தொலைபேசியில் மாமாவிடம் சொன்னேன். பதறாமல், 2000 எண் வாட்டர் பேப்பர் ஒரு துண்டு கொடுத்தனுப்பினார். முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் ஊசியைச் சாய்த்து வைத்து, முனையை நகத்தால் மெல்ல அழுத்தியபடி மறு கையால் ஊசியை உருட்டினேன். உருட்டும்போது வளைவு கண்ணாடியில் தட்டுவது விரலுக்குத் தெரிந்தது. தட்டுவது நின்ற பிறகு, நனைத்த வாட்டர் பேப்பரில் முனையின் திசையிலேயே சில முறை இழுத்தேன். அரைமணி நேரமாயிற்று. இப்போது வண்ணம் ஏறக்குறைய நேராகப் போகிறது. மெல்லிய கோட்டுக்கு மட்டும் போதாது. புதிய ஊசி கேட்டிருக்கிறேன். கழற்றும் ஊசியைக் குத்தி வைக்க ஒரு தெர்மாகோல் துண்டை மேசையில் ஒட்டிவிட்டேன்.

2025 மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. விடியற்காலையில் ஹரிகேனுக்குச் சாம்பல்நிறப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடித்தேன். வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத குறையையெல்லாம் பிரைமர் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. பட்டி வைத்துத் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர் அடித்தேன். மாமா லாரிக்குச் செய்வதும் இதேதான்.

2025 மே 10, சனி

தேர்வு முடிவு வந்துவிட்டது, நல்ல மதிப்பெண்கள். அம்மா வாங்கி வந்த செந்தூரா மாம்பழங்களோடு வீடு நிறைந்திருக்கிறது. அடிப்பக்கத்துக்கு நடுத்தரக் கடல் சாம்பல், மேற்பக்கம் முழுவதற்கும் மண்பழுப்பு என்று இரண்டு வண்ணங்களும் முடிந்தன. புதிய ஊசி எதிர்பார்த்ததற்கு மேலாகவே வேலை செய்கிறது.

2025 மே 17, சனி

இந்தக் கோடையே இன்றைய வேலைக்காகத்தான். மண்பழுப்பின் மேல் கரும்பச்சைப் பட்டைகள் வர வேண்டும்; இரண்டும் சேரும் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோலவும் இருக்கக்கூடாது, புகைபோலப் பரவவும் கூடாது. நிஜ விமானத்தில் ஒரு விளிம்பு இரண்டு அங்குல அகலத்துக்குக் கலந்து மங்கினால், 1/72இல் அது 0.7 மில்லிமீட்டர்தான். அந்த 0.7ஐ மறைப்பு எதுவும் வைக்காமல் வெறும் கைக்கோட்டால் நான்கு கரண்டிகளில் முயன்று பார்த்தேன், இரண்டில்தான் வந்தது. விமானத்தின் மேல் அந்தத் துணிச்சல் எனக்கு இன்னும் இல்லை.

ஆகவே சுவரொட்டிகளை ஒட்டப் பயன்படும் ப்ளூடாக்கை விரலால் உருட்டி, பாய்க்கோரை அளவு மெல்லிய திரிகளாக்கி, பென்சிலால் வரைந்திருந்த பட்டைகளின் விளிம்பில் வைத்தேன். திரி உருண்டையாக இருப்பதால் அதன் அடிவளைவுக்குள் சிறிதளவு வண்ணம் நுழைந்து விளிம்பைத் தானாகவே மென்மையாக்குகிறது. திரி தடித்தால் மங்கல் அகலமாகிறது, மெலிந்தால் கூர்மையாகிறது. கருவியைப் பரப்புக்குச் செங்குத்தாகப் பிடிப்பதும் முக்கியம். திரியின் அடியை நோக்கிச் சாய்த்தால் வண்ணம் உள்ளே வெகுதூரம் போய்விடும். மண்பழுப்பாகவே இருக்க வேண்டிய இடங்களைத் திரிகளுக்கு இடையே மாஸ்கிங் டேப்பால் மூடினேன். இரண்டு மணி நேரம் பிடித்தது.

நேற்று மாலை பெய்த கோடை மழையால் காற்றில் ஈரம் ஏறியிருந்தது. அடிக்கும் முன் காகிதத்தில் சோதித்தபோது வண்ணத்தோடு ஒரு துளித் தண்ணீர் தெறித்தது. கம்ப்ரசர் அமுக்கும் காற்றில் உள்ள ஈரம் குழாயில் குளிர்ந்து நீராகிவிடுகிறது. நீர்பிடிக் குப்பியைத் திறந்து வடித்து, ஐந்து நிமிடம் வெறும் காற்றை ஓடவிட்ட பிறகே கரும்பச்சையை ஊற்றினேன். சோதிக்காமல் விமானத்தின் மேல் தொடங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதைக்கிறது. மெல்லிய வீச்சுகளாக ஐந்து முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே சில நிமிடங்கள் விட்டு அடித்தேன். திரிகளை எடுக்கக் கை துடித்தது. நாளை வரை தொடுவதில்லை.

2025 மே 18, ஞாயிறு

மாமா வந்த பிறகுதான் திரிகளை எடுத்தேன். வால் பகுதியிலிருந்து ஒவ்வொன்றாக, பரப்புக்குத் தாழ்வாக இழுத்து உரித்தேன். இடது இறக்கையில் விளிம்பு நான் கணக்கிட்ட அளவிலேயே இருக்கிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டருக்குள். வலது இறக்கையின் நுனியில் ஒரு டேப் சரியாகப் படியாமல் பச்சை கசிந்து, நெல்மணி அளவுக்கு ஒரு கறை. மாமா அதைத்தான் முதலில் பார்த்தார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் விமானத்தைச் சாய்த்துப் பிடித்து, தகட்டுக் கோடுகள் ஒன்றுவிடாமல் தெரிகின்றனவா என்று இறக்கை நெடுக விரல் படாமல் பார்த்துக்கொண்டே போனார். "ஒழுகல் ஒண்ணுகூட இல்ல" என்றார்.

கறையின் மேல் மண்பழுப்பை ஒரு சென்டிமீட்டர் தூரத்திலிருந்து, 10 பிஎஸ்ஐயில், மாஸ்க் எதுவும் இல்லாமல் கைக்கோட்டாலேயே அடித்து மூடினேன். காற்று, கையசைவு, வண்ணம். வண்ணம் நின்றது, காற்று நின்றது. கறை இருந்த இடம் இப்போது எனக்கே தெரியவில்லை.

அடுத்து பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் டெகால்கள் எனும் ஒட்டுச் சின்னங்கள். ஜப்பானிய விமானங்களின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக்கூடாது என்பதற்காக இந்தப் போர்முனையில் வட்டச் சின்னத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள்; நீலமும் வெளுப்பும்தான் ஒட்ட வேண்டும். வார்னிஷ் புதன்கிழமை விடியற்காலையில்.