கௌரவ உறுப்பினர்

2013 மே 24 அன்று, ஐபிஎல்லின் சென்னை அணியை வைத்திருந்த இந்தியா சிமெண்ட்ஸ் ஓர் அறிக்கை விட்டது. குருநாத் மெய்யப்பன் சென்னை சூப்பர் கிங்ஸின் உரிமையாளர் இல்லை, தலைமைச் செயல் அதிகாரியோ டீம் பிரின்ஸிபலோ இல்லை, நிர்வாகக் குழுவின் கௌரவ உறுப்பினர்களில் ஒருவர் மட்டுமே என்று அதில் இருந்தது. அன்று இரவே மும்பை போலீஸ் பெட்டிங் வழக்கில் அவரைக் கைது செய்தது. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அந்தக் கைதைவிட அந்த வாக்கியம்தான் உறுத்துகிறது. நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதுவது என் பிழைப்பு என்பதால் இருக்கலாம். முதல் சீசனிலிருந்து மஞ்சள் ஜெர்சியின் பின்னால் போன ரசிகன் என்பதாலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அந்த மாதிரி வாக்கியம் எப்படிப் பிறக்கிறது என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். டி.வி.யில் 'அணி உரிமையாளர்' என்று கீழே ஓடிக்கொண்டிருக்கும். லீகல் ஆட்கள் ஒப்பந்தத்தைத் திறந்து, அந்தச் சொல்லை ஒப்புக்கொண்டால் எந்த ஷரத்து பாயும் என்று பார்ப்பார்கள். ஐபிஎல் ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து உண்டு: 11.3. அணியை நடத்தும் நிறுவனமோ அதன் குழும நிறுவனமோ உரிமையாளரோ லீக்கின் பெயருக்குக் கடுமையான கேடு வரும்படி நடந்துகொண்டால் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். 2008-ல் 9.1 கோடி டாலருக்கு எடுத்த அணி. அந்த ஷரத்தைப் படித்தவர் யாராக இருந்தாலும் முதலில் செய்ய நினைப்பது ஒன்றுதான்: இந்த ஆளை 'உரிமையாளர்' என்ற சொல்லிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்த முடியுமோ அவ்வளவு தூரம் நிறுத்துவது.

காகிதப்படி முதல் பாதி உண்மையும்கூட. அணியின் உரிமை இந்தியா சிமெண்ட்ஸிடம் இருந்தது. குருநாத் அந்த நிறுவனத்தின் பங்குதாரர் இல்லை. நிர்வாக இயக்குநர் என். சீனிவாசனின் மருமகன், அவ்வளவே. சீனிவாசன் அப்போது பிசிசிஐ தலைவராகவும் இருந்தார். வாரிய நிர்வாகிகளுக்கு வாரியத்தின் போட்டிகளில் வணிக நலன் இருக்கக் கூடாது என்ற 6.2.4 விதியில், 2008-ல் ஐபிஎல் போன்ற போட்டிகளுக்கு விலக்கு கொடுத்துத் திருத்தம் செய்திருந்தார்கள். ஆக, அந்த ஒரு வாக்கியம் இரண்டு சுமையைத் தாங்க வேண்டியிருந்தது. அணியைக் காப்பாற்ற வேண்டும், வாரியத் தலைவர் பதவியையும் காப்பாற்ற வேண்டும்.

'கௌரவ' என்ற அடைமொழி எங்கிருந்து வந்திருக்கும் என்றும் ஊகிக்கலாம். சம்பளம் கிடையாது, நியமனக் கடிதம் கிடையாது. நாளை யாராவது சம்பளப் பட்டியலைக் கேட்டால் அதில் பெயர் இருக்காது. டிராஃப்ட் எழுதும் அறையில் இது பெரிய ஆறுதல். வெளியே இது எடுபடாது என்பதை அந்த அறையிலிருந்து பார்த்தால் தெரியாது, அதுதான் சிக்கல்.

பதவியை மறுக்கும் எந்த அறிக்கையும் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் நாம் மறுக்கப்போகும் ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். வலப்பக்கம், அதற்கு எதிராகப் பொதுவெளியில் கிடக்கும் தடயங்கள்: வெப்சைட், பழைய பேட்டிகள், புகைப்படங்கள், விசிட்டிங் கார்டு, சமூக ஊடகக் குறிப்பு, வெளி அமைப்புகளோடு நடந்த கடிதப் போக்குவரத்து. வலப்பக்கத்தில் இரண்டு மூன்று வரி சேர்ந்துவிட்டாலே அந்த மறுப்பை விடக் கூடாது. சட்டப்படி எவ்வளவு சரியாக இருந்தாலும் விடக் கூடாது.

இங்கே அந்தத் தாளில் வலப்பக்கம் இடமே போதாது. ஏலங்களில் சென்னை மேசையில் அட்டையைத் தூக்கியவர்களோடு அவர் உட்கார்ந்திருந்ததை நாடே நேரலையில் பார்த்தது. அவருடைய ட்விட்டர் குறிப்பில் 'டீம் பிரின்ஸிபல்' என்றே இருந்தது. சர்ச்சை வெடித்ததும் அது அழிக்கப்பட்டது, அழிக்கப்பட்டதே செய்தியானது. உரிமையாளர்களுக்கான கூட்டங்களில் அணியின் சார்பில் அவர் கலந்துகொண்டது பின்னால் விசாரணையில் பதிவானது. அதே ஆண்டு வெளிவந்த தன் சுயசரிதையில் மைக்கேல் ஹஸ்ஸி, அணியை நடத்தும் பொறுப்பை சீனிவாசன் மருமகனிடம் கொடுத்திருந்தார் என்று எந்த உள்நோக்கமும் இல்லாமல் போகிறபோக்கில் எழுதியிருந்தார். ஆட்டக்காரர் ஒருவருக்குச் சாதாரணமாகத் தெரிந்த விஷயத்தைக் கம்பெனி லெட்டர்ஹெட் மறுத்தது.

ரசிகனாக எனக்கு உடைந்தது இந்த இடத்தில்தான். பெட்டிங் கட்டியது ஒரு தனி ஆளின் தப்பு. அதற்காக அணியை வெறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் எங்கள் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும்படி அந்த அறிக்கை எங்களைக் கேட்டது. அணிக்கு ஆதரவாகப் பேச வேண்டுமென்றால் அந்த மறுப்பையும் சேர்த்துத் தூக்கிப் பேச வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. அலுவலகத்திலும் டீக்கடையிலும் மும்பை ரசிகர்களோடு மல்லுக்கட்டிய ஆயிரக்கணக்கான பேர் 'அவர் சும்மா ஒரு ஆர்வலர்தானே' என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னவர்களுக்கே தெரியும், அது நிற்காது என்று.

சரி, அன்றைக்கு வேறு எப்படி எழுதியிருக்க வேண்டும்? என் கணக்கில் மூன்று விஷயம் போதும். நடைமுறையில் அவர் அணியில் என்ன செய்துவந்தார் என்பது. இந்த நிமிடத்திலிருந்து அணியின் எந்த வேலையிலும், டிரெஸ்ஸிங் ரூம் பக்கமும், அவர் இல்லை என்பது. அவர் தொடர்பான ஆவணங்கள் யாரிடம் ஒப்படைக்கப்படுகின்றன, அடுத்த தகவல் எப்போது வரும் என்பது. ஐந்தாறு வரியில் முடியும். 'குற்றம் நிரூபிக்கப்பட்டால் கடும் நடவடிக்கை' என்பது தேவையே இல்லை. அந்த வரி எல்லா அறிக்கையிலும் வருகிறது, யாரும் படிப்பதில்லை.

இதைச் சொல்வது சுலபம். அந்த அறையை நினைத்துப் பார்த்தால் என் உறுதி குறைகிறது. ஆள் மும்பைக்கு விசாரணைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். 'அவர்தான் அணியை நடத்தினார்' என்று கம்பெனி எழுத்தில் கொடுத்தால் அது நாளைக்கே ஒரு சாட்சியம். இந்தியா சிமெண்ட்ஸ் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம்; ஒரு வரி தப்பானால் பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு நாளில், மே 26 அன்று, ஈடன் கார்டன்ஸில் இறுதிப்போட்டி. இதற்கெல்லாம் மேல், சிக்கியவர் முதலாளி வீட்டுப் பிள்ளை. 'உங்கள் மருமகன் என்ன பதவியில் இருந்தார் என்று உள்ளபடி எழுதலாம் ஐயா' என்று அந்த மேசையில் வாய் திறக்கக்கூடிய ஊழியர் யார்? எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதச் சொன்னவர்களைக் குறை சொல்வேன், அதையும் தயக்கத்தோடுதான்.

மறுப்பு என்ன பலன் தந்தது என்பது கோர்ட் பதிவில் இருக்கிறது. பிசிசிஐ அமைத்த இரு ஓய்வுபெற்ற நீதிபதிகள் குழு ஜூலையில் தப்பு எதுவும் இல்லை என்றது. ஜூலை 30 அன்று அந்தக் குழுவை அமைத்ததே செல்லாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் குழு அமைந்தது. 2014 பிப்ரவரியில் அந்தக் குழு, குருநாத் அணியின் அதிகாரிதான், பெட்டிங்கிலும் ஈடுபட்டார், அணித் தகவல்களையும் வெளியே கொடுத்தார் என்று முடிவுக்கு வந்தது. மேட்ச் ஃபிக்சிங்கில் அவருக்குப் பங்கில்லை என்று நவம்பரில் வந்த இறுதி அறிக்கை சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 2015 ஜனவரி 22 தீர்ப்பில் 6.2.4 திருத்தம் அடிபட்டது. சீனிவாசன் மூடிமறைத்தார் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா கமிட்டி குருநாத்துக்கு ஆயுள் தடையும், அணிக்கு இரண்டு ஆண்டு இடைநீக்கமும் விதித்தது.

ஆக, மறுத்து எதுவும் மிஞ்சவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் தண்டனை குறைந்திருக்கும் என்று இங்கே எழுதத்தான் ஆசை. எங்கள் தொழிலில் வகுப்பெடுப்பவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

ராஜஸ்தான் ராயல்ஸ் கதை அதை எழுத விடவில்லை. 2013 மே 16 அன்று அதன் ஆட்டக்காரர்கள் ஸ்ரீசாந்த், அங்கீத் சவான், அஜித் சண்டிலா மூவரையும் ஸ்பாட் ஃபிக்சிங் வழக்கில் டெல்லி போலீஸ் கைது செய்தபோது அந்த அணி அவர்களை ஒதுக்கி வைத்தது. ராஜ் குந்த்ரா இணை உரிமையாளர் என்பதை யாரும் மறுக்கவில்லை.  ஜூனிலேயே பெட்டிங் புகாரில் பிசிசிஐ அவரை இடைநீக்கம் செய்தது. கடைசியில் அவருக்கும் அதே ஆயுள் தடை, அந்த அணிக்கும் அதே இரண்டு ஆண்டு. மறுத்த அணிக்கும் மறுக்காத அணிக்கும் ஒரே கணக்கு. இதை வைத்துக்கொண்டு ஒரு வாடிக்கையாளரிடம் 'உள்ளதைச் சொல்லுங்கள், உங்களுக்கு நல்லது' என்று நான் எப்படிச் சொல்வது?

2013 மே 28 பிரஸ் மீட்டும் இதோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. சாம்பியன்ஸ் டிராஃபிக்காக இங்கிலாந்து கிளம்பும் முன் மும்பையில் தோனி பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்தார். சர்ச்சைக்குப் பிறகு அவர் வாய் திறக்கப்போகும் முதல் சந்தர்ப்பம் அது. ஃபிக்சிங் பற்றிக் கேள்வி வந்தது. தோனி சிரித்தார். பதில் வரவில்லை. இந்தத் தொடரைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று மீடியா மேனேஜர் குறுக்கே வந்தார். மறுபடி கேள்வி, மறுபடி அதே சிரிப்பு. தொழில்முறையில் பார்த்தால் அதுதான் சரியான ஏற்பாடு. விசாரணை நடக்கிறது, அவர் இந்திய அணித் தலைவராக வந்திருக்கிறார், ஒரு சொல் பிசகினாலும் மறுநாள் தலைப்பு. அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் பேச வேண்டாம் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வீடியோவை இன்றும் என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. மே 26 இரவு இறுதிப்போட்டியில், மற்றவர்கள் வந்து வந்து போக, தனியாக நின்று 63 ரன் எடுத்துத் தோற்ற மனிதர் அவர். அவர் குரலில் ஒரே ஒரு வரி கேட்க வேண்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். 'இது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது' என்றால் போதும். அதில் எந்த ஷரத்தும் பாயாது.

தண்டனையை அனுபவித்தது யார் என்று பார்த்தால் கோபம் திரும்ப வருகிறது. 2016, 2017 இரண்டு சீசனிலும் சேப்பாக்கத்தில் ஐபிஎல் இல்லை. தோனியும் அஸ்வினும் புனே ஜெர்சியில், ரெய்னாவும் ஜடேஜாவும் குஜராத் ஜெர்சியில். வாலாஜா ரோட்டில் கொடியும் விசிலும் விற்றவர்கள், முகத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டு ஐம்பது நூறு பார்த்தவர்கள், இவர்கள் யாரும் அந்த அறிக்கையின் டிராஃப்ட்டைப் பார்க்கவில்லை.

பிறகு 2018. அணி திரும்பி வந்தது. ஏப்ரல் 10 அன்று கொல்கத்தாவுக்கு எதிராக ஒரே ஒரு ஆட்டம் சேப்பாக்கத்தில். காவிரிப் போராட்டத்தால் மற்ற ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்கள் தனி ரயில் ஏறி, விசிலடித்துக்கொண்டே புனே போனார்கள். மே 27 அன்று வான்கடேயில் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 அடிக்க, கோப்பையும் வந்தது. கௌரவ உறுப்பினர் பற்றி யாரும் பேசவில்லை. நானும் அன்று சந்தோஷப்பட்டேன், மறைக்க ஒன்றுமில்லை.

இதைப் பார்த்த எந்த நிர்வாகமும் ஒரு முடிவுக்கு வரும்: மறுக்கலாம், இரண்டு வருடம் பொறுக்கலாம், கூட்டம் திரும்ப வந்துவிடும். என்னிடம் அதற்கு எதிராகக் காட்ட எண் எதுவும் இல்லை. டிக்கெட் விற்பனை குறையவில்லை, ஸ்பான்சர்கள் போய்விடவில்லை. அணியிடமிருந்து வரும் அறிக்கைகளை நான் படிக்கும் விதம் மட்டும் மாறியிருக்கிறது. ஆட்டக்காரர் காயம் என்றால்கூட, யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள், எந்தச் சொல் விடுபட்டிருக்கிறது என்றுதான் முதலில் கண் போகிறது. முன்பெல்லாம் அப்படிப் படித்ததில்லை. வேலையில் வந்த பழக்கம் ஆட்டத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. அது எனக்கு இழப்புதான், அதை எந்தக் கோப்பையும் சரிசெய்யவில்லை.

இப்போதும் பதவி மறுப்பு அறிக்கை ஒன்று மேசைக்கு வந்தால் தாளை இரண்டாக மடிக்கத்தான் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால், தண்டனை குறையும் என்றோ வியாபாரம் பிழைக்கும் என்றோ சொல்வதில்லை. நம்மை நேசிக்கிறவர்கள் இதை நம்புவதுபோல் நடிக்க வேண்டியிருக்கும் என்கிறேன். சில சமயம் கேட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும், லீகல் என்ன சொல்கிறது என்று திரும்பக் கேட்கிறார்கள்.