காய்ச்சல் விட்டதும்தான் கவனம் தேவை

ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். எங்கள் வீட்டில் தம்பி. உடம்பு அனலாகக் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றான். முதல் 5 நாட்களுக்குள் என்றால் என்எஸ்1 என்கிற ரத்தப் பரிசோதனையிலேயே டெங்கு தெரியும், அப்புறம் ஐஜிஎம் என்கிற எதிர்ப்புப்பொருளைப் பார்க்க வேண்டும். அவனுக்கு என்எஸ்1 பாசிட்டிவ்.

டாக்டர் எழுதியது பாரசிட்டமால் மட்டும். "இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?" என்று அம்மா முணுமுணுத்தார். டெங்கு வைரஸுக்கென்று மருந்து கிடையாது. வலி தாங்கவில்லை என்று ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ போட்டால் ரத்தக்கசிவுக்கு வழியாகிவிடும். கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தோம்.

சொந்தக்காரர்கள் போன் செய்தாலே "ப்ளேட்லெட் எவ்வளவு?"தான். ஒருவர் பப்பாளி இலைச்சாறு கொடு என்பார், இன்னொருவர் நிலவேம்பு என்பார். டாக்டரோ ரிப்போர்ட்டில் முதலில் தேடியது பிசிவியை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதை. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி அது ஏறும். பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் இது நடக்கும். "விட்டுருச்சுப்பா" என்று அம்மா நிம்மதியாக இட்லி ஊற்றிய அன்றுதான் அவனுக்கு வயிற்றுவலி, நிற்காத வாந்தி. கை கால் சில்லிட்டுவிட்டது. உடனே அட்மிஷன். சலைன் ஏற்றினார்கள், சிறுநீரை அளந்து குறித்தார்கள், பிசிவியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ரத்தக்கசிவு இல்லாததால் ப்ளேட்லெட் ஏற்றவே இல்லை. சொந்தக்காரர்களுக்கு அதில் ஏக வருத்தம்.

அதற்குள் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தொட்டி, டிரம் எல்லாம் மூடித்தான் இருந்தன. ஒரு அக்கா நேராக ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்த் தட்டை உருவினார். விரற்கடைத் தண்ணீர், டார்ச் வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடிக்குப் பாய்ந்தன. "கொட்டினா போதாது, ஓரத்தைத் தேய்க்கணும்" என்றார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீரில்லாமல் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கிடக்கும். தண்ணீர் பட்டால் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். வாரம் ஒரு முறை தேய்க்கச் சொல்வது அதனால்தான். புகை அடித்தால் பறக்கிற கொசு சாகும், தட்டில் நெளிகிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

இந்தக் கொசு கடிப்பது பகலில். காய்ச்சல்காரரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகும் என்பதால், தம்பியைப் பகலிலும் வலைக்குள்ளேயே படுக்க வைத்தோம். ஒரு முறை வந்தாயிற்று, இனி வராது என்று அவன் சொல்லித் திரிகிறான். டெங்கு வைரஸ் 4 வகை. வேறொரு வகை வந்தால் முதல் தடவையைவிடக் கடுமையாகலாம் என்று டிஸ்சார்ஜ் அன்றே டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.