எபேசு சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கும் முறை

கி.பி. 431இல் எபேசு நகரில் கூடிய சங்கத்தில், அதாவது திருச்சபை ஆயர்களின் பேரவையில், கான்ஸ்தாந்திநோபிள் பேராயர் நெஸ்தோரியு பதவியிறக்கம் செய்யப்பட்டார் என்பது பலருக்கும் தெரியும். அது ஒரே நாளில் எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் அடுத்த இருபதாண்டுச் சண்டை புரியும்.

சங்கம் கூடப் பேரரசர் இரண்டாம் தியோடோசியு குறித்த நாள் ஜூன் 7, பெந்தகோஸ்தே திருநாள். நெஸ்தோரியு பக்கம் சாய்ந்த அந்தியோக்கியா ஆயர் யோவான் வரத் தாமதமானார். 68 ஆயர்கள் எழுத்தில் எதிர்த்தும், நெஸ்தோரியுவின் எதிர்த்தரப்புத் தலைவரான அலெக்சாந்திரியா ஆயர் சிரில் ஜூன் 22 அன்று சங்கத்தைத் தொடங்கிவிட்டார். தடுக்க வந்த அரசப் பிரதிநிதி காண்டிடியனை, கையிலுள்ள அரச மடலை வாசிக்கச் சொன்னார்கள். அவர் வாசித்ததையே சங்கத்தின் முறையான தொடக்கமாக எடுத்துக்கொண்டார்கள். அவருடைய எதிர்ப்பைத் தேடிச் சிரில் தரப்புக் குறிப்பைப் புரட்டாதீர்கள். அதை மற்றத் தரப்பின் ஆவணங்களில்தான் காண முடியும்.

பிறகு வாசிப்பு வரிசையைக் கவனியுங்கள், எல்லாமே அதில்தான் இருக்கிறது. நெஸ்தோரியுவுக்கு மும்முறை அழைப்பு அனுப்பப்பட்டது. மூன்று முறை அழைத்தும் வராதவரை இல்லாமலே விசாரிக்கலாம் என்பது வழக்கம். அடுத்து, 325ஆம் ஆண்டின் நிசேயா சங்கம் வகுத்த விசுவாச அறிக்கை வாசிக்கப்பட்டது. அதை அளவுகோலாக நிறுத்தி, சிரில் நெஸ்தோரியுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதம் அதனோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டார்கள். ஆயர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஆம் என்றார்கள். அதே கேள்வி நெஸ்தோரியுவின் பதிலுக்கும் வைக்கப்பட்டது, கண்டனம். புதிய வரையறை எதுவும் எழுதப்படவில்லை. சர்ச்சைக்குரிய, மரியா இறைவனின் தாய் என்ற கூற்றும் அந்தக் கடிதத்தை ஏற்றதன் வழியாகவே ஏற்கப்பட்டது.

‘இப்படிச் சொல்பவர் சபிக்கப்பட்டவர்’ என்ற வடிவில் பன்னிரண்டு சாபங்கள் கொண்ட சிரிலின் மூன்றாம் கடிதமும் வாசிக்கப்பட்டது. ஆனால் அதன்மீது தனி வாக்கு பதிவாகவில்லை. சங்கம் அதை ஏற்றதா, வெறுமனே கேட்டதா? பின்னாளில் எத்தனையோ பிளவுக்கு இந்த ஒரு இடைவெளி காரணமாயிற்று. என் பார்வையில் எபேசுவின் மிகப் பெரிய குறை இதுதான்.

ஜூன் 26 அன்று வந்த யோவான் தனிக்கூட்டம் போட்டுச் சிரிலையும் எபேசு ஆயர் மெம்னோனையும் பதவியிறக்கினார். பேரரசர் முதலில் நெஸ்தோரியு, சிரில், மெம்னோன் மூவரின் பதவியிறக்கத்தையும் உறுதிசெய்தார். சிரிலுக்கும் யோவானுக்கும் இடையே சமரசம் 433இல்தான் வந்தது.

அடுத்து, 451 கல்செதோன் சங்கத்தின் முதல் அமர்வைத் திறங்கள். அங்கே 449ஆம் ஆண்டின் இரண்டாம் எபேசு சங்கக் குறிப்பு உரக்க வாசிக்கப்படுகிறது. அந்தக் குறிப்புக்குள்ளேயே 448இல் கான்ஸ்தாந்திநோபிளில் நடந்த கூட்டத்தின் குறிப்பும் வாசிக்கப்படுகிறது. எந்த வரி எந்த ஆண்டுக்குரியது, குறுக்கே எழும் கூச்சல் எந்த ஆண்டின் கூச்சல் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாசியுங்கள், இல்லாவிட்டால் குழம்பிவிடும். 449இல் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று ஆயர்கள் கத்துவது இந்த வாசிப்பின் நடுவில்தான். எபேசு ஆயர் ஸ்தேவானின் சாட்சியமும் இங்கேதான் வருகிறது: 449 சங்கத்துக்குத் தலைமை தாங்கிய அலெக்சாந்திரியா ஆயர் தியோஸ்கோருவின் எழுத்தர்கள் தம் எழுத்தர்களின் எழுதுபலகைகளைப் பறித்து எழுதியதை அழித்தார்கள், மைக்கூட்டைப் பிடுங்கும்போது விரல்களை முறிக்கப் பார்த்தார்கள் என்கிறார். 449 குறிப்பில் ஒரு தரப்பு மௌனமாக இருந்ததாகத் தெரியும் இடங்களில் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.