சத்தம் வரும் பக்கம் திரும்பாதீர்கள்

சிம்பன்சி ஆய்வுக்குப் போக விரும்பும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "காட்டுக்குள்ளே பயமாக இருக்காதா?" என்றுதான். பயம் ஒரு வாரத்தில் போய்விடும். எந்தப் பக்கம் பார்ப்பது என்பதைப் பழகத்தான் எனக்கு மாதக்கணக்கானது.

உகாண்டாவின் கிபாலே காட்டில் அது என் மூன்றாவது வாரம். அன்று நான் பின்தொடர வேண்டியது ஒரு வயதான ஆண் சிம்பன்சியை. விடியலில் அவர் கூட்டிலிருந்து இறங்கியது முதல் கூடவே போய், குறித்த இடைவெளியில் அவர் என்ன செய்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். பெரியவர் ஓர் அத்தி மரத்தடியில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் அசையவில்லை. கீழுதடு தொங்கத் தூங்கி வழிந்தார், இரண்டு முறை முழங்காலைச் சொறிந்தார். அப்போது எனக்குப் பின்னால் அலறல், பலகை போல் விரிந்த மரவேரை உதைக்கும் தடதட சத்தம். எழுந்து ஓடினேன். இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று பக்கம் எழுதித் தள்ளினேன். திரும்பி வந்தால் பெரியவரைக் காணோம். சாயங்காலம்வரை தேடியும் கிடைக்கவில்லை.

அன்றிரவு எங்கள் கள உதவியாளர் என் நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இந்தச் சண்டையை யார் வந்தாலும் பார்த்திருப்பார்கள். அவர் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்கத்தான் உன்னை அனுப்பினோம்."

கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினால் சத்தம் போடுபவர்கள்தான் நோட்டை நிரப்புவார்கள். 1974-ல் விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் எழுதிய கட்டுரை இந்தக் கோளாறை அலசி, ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்து குறித்த நேரம் முழுக்க அதையே கவனிக்கும் 'ஃபோகல்' முறையை நிலைநிறுத்தியது. கிளம்பும் முன் அதை இரண்டு முறையாவது படியுங்கள். என்னைப் போலக் களத்துக்குப் போய்விட்டுப் படிக்காதீர்கள்.

ஒன்றுமே நடக்காத அந்த நேரம் எதற்கு உதவும்? கணக்கில் வகுப்பதற்கு. மணிக்கு எத்தனை மோதல் என்று கணக்கிட, மோதல் இல்லாத மணிகளும் கையில் இருக்க வேண்டும். சிம்பன்சியின் நெருங்கிய உறவான போனோபோ சாது, சிம்பன்சி முரடு என்று எல்லோரும் சொல்லிவந்தோம். காங்கோவின் கொக்கோலோபோரி போனோபோக்களையும் தான்சானியாவின் கோம்பே சிம்பன்சிகளையும் ஒரே முறையில் பின்தொடர்ந்து, 2024-ல் ஒரு குழு கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. போனோபோ ஆண்களின் மோதல் விகிதம் சிம்பன்சி ஆண்களுடையதைப் போல 2.8 மடங்கு. ஆனால் அவை பெரும்பாலும் ஒருவருக்கொருவர் மோதல்கள். கூட்டணி சேர்ந்து தாக்குவது சிம்பன்சிகளிடம்தான் அதிகம். தம் இனத்தாரையே கொல்லும் அளவுக்குப் போவதும் அவைதான். கோம்பேயில் 1974 முதல் 1978 வரை ஒரு சமூகம், தன்னிடமிருந்து பிரிந்துபோன குழுவையே தீர்த்துக்கட்டியது. 'சாது', 'முரடு' என்ற ஒற்றைச் சொற்கள் இந்தக் கணக்குக்கு முன் நிற்பதில்லை.

இன்னொரு விஷயம். சிம்பன்சி சமூகம் முழுவதையும் ஒரே இடத்தில் பார்ப்பது அபூர்வம். கிபாலேயின் ங்கோகோ சமூகத்தில் ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 200 பேர். ஆனால் காட்டில் நாம் பார்ப்பது நாளுக்குள்ளேயே பிரிந்து சேரும் சிறு கூட்டங்களை. ஆகவே கூட்டத்தில் யார் வந்தார், யார் போனார் என்பதை நேரத்தோடு குறியுங்கள். உரோமம் கோதுவதை நம் ஊரில் பேன் பார்ப்பது என்போம். யார் யாருக்குப் பார்த்தார், எப்போது கைமாறியது, யார் முதலில் எழுந்து போனார் என்று எழுத வேண்டும். 'நட்பாக இருந்தனர்' என்று எழுதிவிட்டால் பிறகு அதிலிருந்து எதையும் மீட்க முடியாது. மூச்சிரைத்தபடி உறுமிக்கொண்டு ஒருவர் இன்னொருவரை நெருங்கினால், உறுமியவர் தாழ்ந்தவர். ஆண்களின் படிநிலையே பெரும்பாலும் இதை வைத்துத்தான் கட்டப்படுகிறது. ஒரு முறை திசை மாற்றிக் குறித்தால் படிநிலை தலைகீழாகிவிடும்.

சளி இருந்தால் காட்டுக்குள் போகவே போகாதீர்கள். நாள் வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், போகட்டும். கிபாலேயின் கன்யவாரா சமூகத்தில் 2013-ல், நமக்குச் சாதாரணமாக வந்துபோகும் ரைனோவைரஸ் வகையொன்று பரவி 56 சிம்பன்சிகளில் 5 இறந்தன. முகக்கவசமும் பத்து மீட்டர் இடைவெளியும் அதற்காகத்தான்.

சரி, ஆப்பிரிக்கா போக இன்னும் காலம் இருக்கிறது என்றால், குரங்குகள் இருக்கும் கோயில் ஏதாவது பக்கத்தில் இருக்கும். ஒரு நோட்டு, ஒரு கடிகாரம், கூட ஒரு நண்பர். இருவரும் ஒரே குரங்கைத் தேர்ந்தெடுத்து, ஒரு மணி நேரம் பேசாமல் தனித்தனியே எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அங்கெல்லாம் உங்கள் வரையறை தளர்ந்திருக்கிறது என்று பொருள். தாய்க்குரங்கு மதிலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பக்கத்தில் தேங்காய் மூடிக்குப் பெரிய சண்டை வரும். வரட்டும். தாய் என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.